ஸ்ட்ரூப் உண்மை பேசிய ஞாயிற்றுக்கிழமை

வெண்டல் ஸ்ட்ரூப் செத்துப்போனார் என்று சேதி வந்தபோது எங்கள் டோர்ன்பெக் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அடக்கத்துக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டார்கள். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்குவதற்கு முன்னால் என் மனைவி பெஸ்ஸி பெட்டி பக்கத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அந்த ஆளுதான். ஆனா சிரிக்கிற மாதிரி இருக்கு. எனக்கென்னமோ சரியாப் படல" என்றாள்.

அப்படிப்பட்ட மனிதர். பேஸ்பால் டீம் ஒன்றுக்கு முதலாளி. அவருடைய மைதானத்தில் சாசேஜும் சோளப்பொரியும் விற்றவன் நான், எமில் செட்லாக். அத்தனை வருஷம் பக்கத்திலேயே அடுப்பு வைத்திருந்தும், அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் தலையைச் சொறிவேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்களெல்லாம் கடல் தாண்டி வந்து குடியேறிய போஹீமியாக்காரர்கள். ஸ்ட்ரூப் ஒஹையோவிலிருந்து வந்தவர். முதலில் வந்தது இடிதாங்கிக் கம்பி விற்க. பண்ணை பண்ணையாகப் போய், களஞ்சியத்தின் கூரையைப் பார்த்து 'ச்சு ச்சு' என்று உச்சுக்கொட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். பண்ணைக்காரன் பயந்துபோய் அவனே கேட்பான். அந்த வருஷம் கம்பி வாங்காத ஒரு களஞ்சியத்தின் மேல் இடி விழுந்தது. ஊரே என்ன பேசிக்கொண்டது தெரியுமா? இடியோடு இந்த ஆளுக்கு ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது என்று. அடுத்த வாரம் எல்லாக் கூரையிலும் கம்பி.

உலகச் சண்டை முடிந்து ஆண்களெல்லாம் ஊர் திரும்பிய சமயம், மாவு மில் முதலாளிக்கு எங்கள் ஊர் டீமை வைத்து நடத்துவதில் அலுப்புத் தட்டிவிட்டது. மில்லர்ஸ் என்று பேர். லீக்கிலேயே கடைசிப் படியில் இருந்த டீம். கூரை ஒழுகும் கொட்டகை, புல் முளைக்காத மைதானம். அதைப் போய் ஸ்ட்ரூப் வாங்கினார். பெஸ்ஸி சொன்னாள்: "கெணத்துக்குள்ள என்ன கெடக்குன்னு தெரியாம எவனும் வாளி விடமாட்டான். இதுல ஏதோ இருக்கு."

என்ன இருந்ததோ, எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஒரு நாள் ஆட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்குக் கறவை மாடு பரிசு என்றார். மாட்டைப் பார்த்த பண்ணைக்காரர்கள் எல்லாரும், "இது கறவையா? இது பால் வத்திப்போய் ரெண்டு வருசம் இருக்கும்" என்று சத்தியம் செய்தார்கள். பரிசு விழுந்தது கசாப்புக்கடை போலிவ்காவுக்கு. "பால் வந்தா என்ன, வராட்டி எனக்கென்ன" என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பேசிவைத்துத்தான் கொடுத்தார் என்றார்கள்.

இன்னொரு தடவை மைதானத்தின் நடுவில் ஒரு ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பெஸ்ஸி எங்கோ விசாரித்து, அந்த ஜோடிக்கு ஈஸ்டருக்கு முன்னாலேயே லிங்கன் நகரக் கோர்ட்டில் கல்யாணம் ஆகிவிட்டது என்று கண்டுபிடித்தாள். நேராக அவரிடமே போய்க் கேட்டாள்.

"ரெண்டு தடவ முடிச்சுப் போட்டா அவுழாதும்மா" என்றார் ஸ்ட்ரூப், தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

அவருடைய தொழில் ரகசியத்தை ஒருமுறை என் அடுப்போரம் நின்று சாசேஜ் தின்றுகொண்டே சொன்னார்: "நம்புறவன் வீட்ல உக்காந்து நம்புவான் எமிலு. சந்தேகப்படறவன்தான் நேர்ல வந்து பாப்பான். எனக்கு நேர்ல வர்றவன் போதும்." சாப்பிட்டதற்குக் காசு கொடுத்தாரா என்று கேட்காதீர்கள்.

இப்போது ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். டீம் வெளியூருக்குப் போய் ஆடும்போது ஊர் முழுவதும் ரேடியோவில் கேட்கும். பெட்ரோல் பங்கில், பீர்க் கடையில், பண்ணை வீட்டுச் சமையலறையில், எங்கும் வர்ணனை சொல்லும் டெல்பர்ட் கின்னியின் குரல்தான். ஆனால் டெல்பர்ட் வெளியூர் போனதே இல்லை. பர்னிச்சர் கடை மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பான். தந்திக் கம்பியில் ஆட்டம் வரும்; அதுவும் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தைதான். 'தரைப்பந்து, ஷார்ட்ஸ்டாப், அவுட்.' அதை வைத்துக்கொண்டு டெல்பர்ட் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்லுவான். பந்தை மட்டை அடிக்கும் சத்தத்துக்கு ஒரு பொந்து விழுந்த மேப்பிள் மரக் கட்டையில் பென்சிலால் தட்டுவான். கூட்டத்தின் கூச்சலுக்கு ஒரு கிராமபோன் தட்டு.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். மறைவு ஒன்றுமில்லை. கட்டையை எங்களுக்குக் காட்டியே இருக்கிறான். சத்தம் பொய் என்று தெரியும். ஆனால் சம்பவம் மெய் என்று நினைத்தோம். இடிமேல் சந்தேகப்பட்ட ஊர், கல்யாணத்தின்மேல் சந்தேகப்பட்ட ஊர், அந்தக் கட்டைச் சத்தத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

எங்கள் ஷார்ட்ஸ்டாப் லுமீர் வாவ்ரா. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவன். தரையில் உருண்டு வரும் பந்தைப் பொறுக்கி, ஓடுகிறவன் போய்ச் சேருவதற்குள் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். டீமில் மற்றவர்களெல்லாம் எங்கிருந்தோ வந்தவர்கள். லுமீர் ஒருவன்தான் எங்கள் ஆள். ஊருக்கு வெளியே பால்பண்ணை வைத்திருக்கும் யோசெஃப் வாவ்ராவின் மகன். நல்ல பையன். அதிகம் பேசமாட்டான். காது மட்டும் சட்டென்று சிவக்கும்.

அந்த வருஷம் ரேடியோவில் லுமீர் பறந்தான். பொய்யில்லை, பறந்தான் என்றுதான் டெல்பர்ட் சொன்னான். இடது பக்கம் பாய்ந்தான், முழங்காலில் நின்று எறிந்தான், வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டே பிடித்தான். அக்கம்பக்கத்து மூன்று கவுண்டி ஊர்களிலிருந்தும் போஹீமியாக்காரர்கள் லாரியில் ஏறி எங்கள் ஊர் ஆட்டத்துக்கு வந்தார்கள், அந்தப் பையனைப் பார்க்க.

வந்து என்ன பார்த்தார்கள்? கைக்கு வந்த பந்தைப் பிடிப்பான். எட்டாததை விடுவான். சில சமயம் எட்டியதையும் விடுவான்.

முதலில் எல்லாரும், "சொந்த ஊருல்ல, கூச்சப்படறான்" என்றார்கள். அவனைப் பாராட்டினால், "இல்ல மாமா, அங்கயும் ரெண்டு விட்டேன்" என்பான் என்னிடம். எவ்வளவு அடக்கம் பார் என்று நான் பத்துப் பேரிடம் சொன்னேன்.

ஜூலை பிறந்ததும் பீர்க் கடைப் பேச்சு மாறியது.

"வெளியூர்ல புலி. இங்க வந்தா பந்து காலுக்கு நடுவுல போவுது. அது எப்படிய்யா?"

"அம்மா கையால மாவுருண்டை தின்னா தூக்கம் வருமில்ல."

"ஒமாஹாக்காரன் கையில துட்டு வச்சா எனக்குந்தான் தூக்கம் வரும்."

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒமாஹா பெரிய நகரம்; அங்கே சூதாடிகள் உண்டு. எங்கள் ஊர் ஆட்டத்தில் எங்கள் டீம் தோற்கும் என்று பந்தயம் கட்டிவிட்டு, பையனுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். இதுதான் கணக்கு. சாட்சிக்கு ஒரு ஆளும் கிடைத்தான். கிரீம் நிறத் தொப்பி போட்ட ஒரு அந்நியன் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் வந்து ஆட்டத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் தெரிந்தது, அவன் சோள விதை விற்கிறவன். டிக்கெட் கொடுக்கும் விதவை மேபல் மேல் கண். ஆனால் அது தெரிவதற்குள் தொப்பிக்காரன் சூதாடிகளின் தலைவனாகிவிட்டான்.

லுமீர் அப்போதும் அதையே சொன்னான்: "அங்கயும் விடுறேன்." "பாத்தியா, சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றது ஊர்.

கோயிலில் வாவ்ரா குடும்பம் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. பால் நிலையத்தில் வாவ்ராவின் கேனை மட்டும் தனியாக நிறுத்தி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மறுபடி சோதித்தார்கள். மகன் ஆட்டத்தில் கலப்படம் செய்தால் அப்பன் பாலில் செய்யமாட்டானா? யோசெஃப் வாவ்ரா சோதித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெஸ்ஸியின் சித்தி மகள் சேதி கொண்டுவந்தாள். யாரோ லீக் தலைவருக்குப் புகார் செய்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை தலைவரே வருகிறாராம். காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விட்டான் என்று முடிவானால் ஆயுள் முழுக்கத் தடை. தடைகூடப் பெரிதில்லை. அந்தப் பேரோடு அவன் எங்கள் ஊரில் பெண் எடுக்க முடியாது, பால் விற்க முடியாது, செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள்.

அந்த வாரம் எங்கள் ஊருக்கு ஆட வந்தது கெல்சோ டீம். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் அவர்களுடைய கேட்சர் டஃபி சிவப்பு முடிக்காரன், வாய் நீளம். என் அடுப்புக்கு வந்தான்.

"என்ன அண்ணே, ஊர்ல எழவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்கானுங்க?"

"உங்க ஊர்ல வந்து பறந்தானே ஒரு பையன், அவனாலதான்."

"யாரு பறந்தா?"

"லுமீர். முழங்கால்ல நின்னு எறிஞ்சானாமே."

டஃபிக்குச் சிரிப்பில், தின்றுகொண்டிருந்த சாசேஜின் கடுகுச் சாறு மூக்கில் ஏறிவிட்டது. "அவனா? ரெண்டு எட்டு வச்சுப் புடிச்சான், எறிஞ்சான். ஒண்ணு காலுக்கு நடுவுல போச்சு. என் பாட்டியா இருந்தாலும் புடிச்சிருப்பா."

எனக்கு அந்தப் பந்து நினைவிருந்தது. டெல்பர்ட் என்ன சொன்னான் என்றால்: கூழாங்கல்லில் பட்டுப் பந்து பாம்பு மாதிரி சீறி எழுந்தது, சூரியன் கண்ணில் அடித்தது, அப்படியும் லுமீர் விரல்நுனியால் தொட்டுவிட்டான்.

அடுப்பை அணைக்காமலே பர்னிச்சர் கடை மாடிக்கு ஓடினேன். டெல்பர்ட் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா டெல்பர்ட், கெல்சோவுல கூழாங்கல்லு இருந்துச்சா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "முதலாளிதான் சொன்னாரு எமில் அண்ணே. தரையில உருள்ற பந்தெல்லாம் லுமீர்கிட்ட வந்தா கொஞ்சம் நகாசு பண்ணுன்னாரு. அவுட்டை அவுட்டுன்னுதான் சொன்னேன். அதுல பொய் சொல்லல. வழியிலதான் கொஞ்சம்..."

"வழியிலயா? வானத்துலல்ல பறக்கவிட்ட!"

அதுதான் சூட்சுமம். முடிவை மாற்றவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகை வாரத்துக்கொரு தரம் ஸ்கோரை மட்டும் போடும். எதுவும் முரண்படாது. ரேடியோவில் பறந்தவன் நேரில் நடந்தான்; நேரில் நடந்ததைத்தான் ஊர் குற்றம் என்றது.

ஸ்ட்ரூப்பின் ஆபீஸ் கொட்டகைக்கு அடியில். நான் போனபோது வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், எனக்காகவே காத்திருந்ததுபோல. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லிடுங்க முதலாளி. பையன் நாசமாப் போறான்."

"சொன்னா ரேடியோ போச்சு எமிலு. ரொட்டி மாவுக் கம்பெனி விளம்பரம் போச்சு. அப்புறம் நான் மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட எவனும் குடை எடுக்கமாட்டான். டீமே போயிடும்."

"எதுக்கு இப்படிப் பண்ணினீங்க? பையனப் பெரிய ஊர் டீமுக்கு விக்கலாம்னுதானே?"

"சேச்சே. உங்க சனம் வந்து பாக்கணும்னு."

அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் வாவ்ராவின் பால் கேனை மறுபடி சோதித்ததைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "பாலையுமா?" என்று கேட்டார். மேஜைமேலிருந்த தாளொன்றை இழுத்துப் பென்சிலை எடுத்தார். பிறகு, "சரி, போ" என்றார்.

மறுநாள் ஊரெல்லாம் சுவரொட்டி:

'ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால், வெண்டல் ஸ்ட்ரூப் உண்மை பேசுவார். ஒரே ஒரு முறை.'

பெஸ்ஸி அதைப் படித்துவிட்டு, "டிக்கெட் உண்டாமா?" என்றாள். உண்டு. வழக்கமான விலைதான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றே ஒன்று தவிரச் சாசேஜ் எல்லாம் தீர்ந்துவிட்டது. கொட்டகையில் இடமில்லாமல் வேலிமேல் ஏறி உட்கார்ந்தார்கள். லீக் தலைவர் முன்வரிசையில், சூட்டும் வேர்வையுமாக. யோசெஃப் வாவ்ரா கோயிலுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு ஓரமாக நின்றார்.

மைதானத்தின் நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் மைக், கிராமபோன், மேப்பிள் கட்டை. டெல்பர்ட் மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். லுமீர் தன் இடத்தில் போய் நின்றான். என் அடுப்பிலிருந்தே காது சிவந்தது தெரிந்தது. கோச் மெதுவாக ஒரு பந்தைத் தட்டிவிட்டார். லுமீர் இரண்டு எட்டு வைத்துப் பொறுக்கி எறிந்தான். ஸ்ட்ரூப் குனிந்து டெல்பர்ட் காதில் இரண்டு வார்த்தை சொன்னார். 'டொக்' என்று பென்சில் தட்டியது. கிராமபோன் கூச்சல் போட்டது. ஒலிபெருக்கி அலறியது: "மின்னலடி! லுமீர் பாய்கிறான், காற்றில் கிடையாக, ஐயோ, முழங்காலில் நின்று எறிகிறான், அவுட்!"

கூட்டம் சிரித்தது. அடுத்த பந்து லுமீரின் கையில் பட்டு நழுவியது. "கூழாங்கல்! சூரியன்!" என்றது ஒலிபெருக்கி. சிரிப்பு பாதியில் நின்றது. புரிந்துவிட்டது.

ஸ்ட்ரூப் தொப்பியைக் கழற்றினார். "வெளியூர்லயும் இந்தப் பையன் இப்படித்தான் ஆடினான். பறக்கவச்சது நான். அவன் யார்கிட்டயும் எதுவும் வாங்கல."

சொன்னால் தீர்ந்ததா? எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. போலிவ்கா பெஞ்சுமேல் ஏறி நின்றான்.

"இப்ப வேணும்னே விட்டான்னா?"

"அதானே! சொல்லி வச்சு விடறானோ என்னமோ!"

"ஸ்ட்ரூப்பு உண்மை பேசறாருன்னு ஸ்ட்ரூப்பே சொன்னா எப்படிய்யா?"

டஃபி எழுந்து, "எங்க ஊர்லயும் விட்டான்யா, நான் பாத்தேன்!" என்று கத்தினான். "உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்று பதில் வந்தது. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லுமீர் கையுறையைக் கழற்றித் தரையில் போட்டான். ஸ்ட்ரூப் கழற்றிய தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் ஒருமுறை உண்மை பேசினார்; அதை வாங்க ஆளில்லை.

அப்போதுதான் யோசெஃப் வாவ்ரா வேலிக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். கோச் கையிலிருந்து மட்டையை வாங்கினார்.

"லுமீர். கையுறையை எடு."

"வேணாம்ப்பா."

"எடுடா."

கிழவர் அடித்தார். தட்டவில்லை, அடித்தார். லுமீர் பிடித்தான். மறுபடி. பிடித்தான். மறுபடி. விட்டான். மறுபடி, மறுபடி. கிழவருக்கு இரைத்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. பையன் இடமும் வலமும் ஓடினான். விழுந்தான், எழுந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டுவிடக்கூடாது என்று உயிரைக் கொடுத்து ஓடினான். அப்படியும் சிலது போயிற்று. வேண்டுமென்று விடுகிறவன் அப்படி விழமாட்டான். அதைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

கிழவர் மைக் பக்கம் வந்தார். மைக்கைப் பார்த்துப் பேசத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று பேசினார். டெல்பர்ட் அதை அவர் வாயருகில் நகர்த்தி வைத்தான்.

"அஞ்சு வயசுலேருந்து தொழுவத்துக்குப் பின்னாடி இவனுக்கு நான்தான் பந்து அடிக்கிறேன். அங்க யாரும் பந்தயம் கட்டல. அங்கயும் இவ்வளவுதான் புடிப்பான். இதுக்கு மேல இவனுக்கு வராது." கொஞ்சம் நிறுத்தினார். "என் புள்ளை சாதாரண ஆட்டக்காரன். திருடன் இல்ல."

ஊர் முன்னால் தன் மகன் சுமார்தான் என்று சொல்ல ஒரு அப்பனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லுமீர் நிலத்தைப் பார்த்து நின்றான். போலிவ்கா பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தான். அவன் மகனும் பள்ளிக்கூட டீமில் ஆடுகிறவன்தான்.

லீக் தலைவர் எழுந்து, "சாதாரணமா ஆடறதைத் தடை பண்ண எங்கிட்ட சட்டம் இல்ல. அப்படி இருந்தா இந்த லீக்கையே மூடணும். ஆட்டத்த ஆரம்பிங்க" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. நடுவில் ஒரு தரைப்பந்து லுமீரிடம் போனது. இரண்டு எட்டு வைத்தான், பிடித்தான், எறிந்தான். மைக்குக்கு முன்னால் இருந்த டெல்பர்ட் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்தான். பிறகு வாயை மூடி, மறுபடி திறந்து, "லுமீர். அவுட்" என்றான். மூன்று கவுண்டிக்காரர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். பறந்தபோதெல்லாம் அவனுக்கு இப்படிக் கைதட்டு விழுந்ததில்லை.

ஸ்ட்ரூப் முன்வரிசையில் உட்கார்ந்து நிரம்பிய பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதையும் முன்கூட்டியே யோசித்திருப்பாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. கிழவர் வருவார் என்று தெரிந்திருக்குமோ? கேட்டால் சிரிப்பார், ஆகவே நான் கேட்கவில்லை. வாவ்ரா மட்டும் கைதட்டவில்லை. மட்டையைக் கீழே வைக்காமல் ஸ்ட்ரூப்புக்குப் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் மிச்சமிருந்த கடைசிச் சாசேஜைக் கொண்டுபோய்க் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் படுங்க அண்ணே, எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"நீ போ எமிலு" என்றார் கிழவர், ஸ்ட்ரூப்பின் வாயையே பார்த்தபடி. "ஆட்டம் முடியறவரைக்கும் இந்த ஆள் மறுபடி யாரையும் பறக்கவிடாமப் பாத்துக்க, பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கணும்."